பிளஸ் டூ வருஷத்தில் நண்பர்கள் இடைஞ்சலா?

[திரையில்: பொதுத்தேர்வு அட்டவணை. குரல் தொடங்குகிறது.]

பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "இந்த ஒரு வருஷம் ஃப்ரெண்ட்ஸ், அரட்டை எல்லாத்தையும் ஓரமா வை. காலேஜ் போனதும் எவ்வளவு வேணும்னாலும் பழகிக்கோ." சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறான அறிவுரை. படிக்கிற பிள்ளையிடமிருந்து, அந்த வருஷத்தில் அதற்கு மிகவும் தேவையான ஒன்றை இது பிடுங்கிக்கொள்கிறது.

ஒரு பிளஸ் டூ மாணவரின் நாளைப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி. நடுவில் ஸ்லிப் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. காலாண்டு, அரையாண்டு முடிந்ததும் ரிவிஷன் டெஸ்ட், அப்புறம் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. நீட் கோச்சிங் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. இந்தச் சுமை எப்படி இருக்கும் என்று அம்மா அப்பாவுக்கு ஓரளவுக்குத்தான் புரியும். முழுதாகப் புரிவது அதே பெஞ்சில் அதே டெஸ்ட் எழுதுகிறவருக்கு.

சரி, அந்த பெஞ்சில் இருப்பவரே போட்டியாளராகத் தெரிந்தால் என்ன செய்வது?

[திரையில்: கணிதம் 100 + இயற்பியல் 50 + வேதியியல் 50 = 200]

இதுதான் பொறியியல் கட்-ஆஃப். தமிழ்நாட்டில் 2007-இல் நுழைவுத்தேர்வு நின்றதிலிருந்து பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அரை மார்க் குறைந்தாலே தரவரிசையில் நூற்றுக்கணக்கான இடங்கள் பின்னால் போகலாம். அந்தப் பயத்தில்தான் டியூஷன் மெட்டீரியலை மறைப்பது, விடிய விடியப் படித்துவிட்டு "நான் ஒண்ணுமே படிக்கலைடா" என்று சொல்வது எல்லாம் நடக்கிறது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். பொதுத்தேர்வு எழுதுவது மாநிலம் முழுக்க ஏழெட்டு லட்சம் பேர். உங்கள் நண்பர் உங்களைவிட இரண்டு மார்க் கூடுதலாக வாங்கினால், தரவரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பது ஒரே ஒரு ஆள். அவ்வளவுதான் இழப்பு. அவருக்கு ஒரு டெரிவேஷனைச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த வரியில் உங்களுக்கே புரியவில்லை என்பது பேசும்போதே தெரிந்துவிடும். தனியாக நாலு முறை வாசித்தாலும் அது தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. நோட்ஸை மறைத்துக் காப்பாற்றுவது ஒரு இடம். சொல்லிக்கொடுத்துத் தெளிவது ஒரு பாடம்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. அது நல்ல முடிவு. ஆனால் வகுப்பறைக்குள் தரம் பிரிப்பது நிற்கவில்லை. காலாண்டு மார்க் வந்ததும் சிலரைத் தனியாக உட்காரவைத்து, "மெல்லக் கற்போர்" என்று பெயர் சொல்லிச் சிறப்பு வகுப்பு நடத்துவார்கள். கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெயர் மதிய சாப்பாட்டு நேரம் வரைக்கும் கூடவே வந்தால், "நான் இந்த வகுப்பில் ஒருத்தன்" என்ற எண்ணமே அந்தப் பையனுக்குப் போய்விடும்.

கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது வரை படித்துவிட்டு, டவுனில் மேல்நிலைப் பள்ளிக்கு வருகிறவர்களை இங்கே நினைக்க வேண்டும். மற்றவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்களாக இருப்பார்கள். இவர்களுக்குக் கிடைப்பது இரண்டே வருஷம். அதிலும் சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவர் என்றால் சந்தேகம் கேட்கவே கூச்சம்.

கேரல் குட்எனோ என்ற அமெரிக்க ஆய்வாளர், மாணவர்கள் பள்ளியைத் தங்கள் இடமாக உணர்கிறார்களா என்று அளக்க 1993-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். எத்தனை நண்பர்கள் என்று எண்ணுவது அதன் நோக்கமில்லை. நீ சொல்வதை மற்ற மாணவர்கள் மதிக்கிறார்களா, நீ நன்றாகச் செய்தால் யாராவது கவனிக்கிறார்களா, பிரச்சினை என்றால் போய்ப் பேச ஒரு ஆசிரியராவது இருக்கிறாரா என்கிற மாதிரி விஷயங்களைத்தான் அது பார்க்கிறது. வகுப்பு ஆசிரியர்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்துத் தங்கள் கடைசி பெஞ்சைப் பார்த்தாலே போதும், யார் ஒட்டாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

[திரையில்: 15 வயது முதல் 25 வயது வரை ஒரு கோடு]

பெரிய நட்புக் கூட்டம் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 169 பேரை 15 வயதிலிருந்து 25 வயது வரை தொடர்ந்து கவனித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளி வயதில் ஆழமான நெருங்கிய நட்பு வைத்திருந்தவர்களுக்கு, 25 வயதில் மனச்சோர்வும் பிறரோடு பழகும் பதற்றமும் குறைவாக இருந்தன. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தவராக இருந்ததால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒருவரோ இருவரோ போதும், அந்த நட்பு உண்மையாக இருந்தால்.

நெருக்கத்திலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு பேர் ராத்திரி பதினோரு மணிக்கு போனில் பேசுகிறார்கள். கெமிஸ்ட்ரி போச்சு, அப்பா என்ன சொல்வாரோ, கட்-ஆஃப் வராது. மறுநாளும் அதே பேச்சு. அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002-இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினார். இப்படி ஒரே கவலையைச் சேர்ந்து கிளறிக்கொண்டே இருப்பவர்களிடம் நட்பும் நெருக்கமாக இருந்தது, கவலையும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. அதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டாம். கொட்டித் தீர்த்த பிறகு, "சரி, நாளைக்கு எந்தப் பாடத்தை எடுக்கலாம்?" என்று இரண்டு பேரில் ஒருவர் கேட்டுவிட்டால் அந்தப் போன் பேச்சே மாறிவிடும்.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகக் கேளுங்கள். உங்கள் நண்பர் சாப்பாட்டைத் தவிர்க்கிறார், தூங்குவதில்லை, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார், "நான் இல்லைன்னா யாருக்கும் கஷ்டமில்லை" என்கிறார். "எல்லாம் சரியாயிடும் மச்சி" என்று முடித்துவிடாதீர்கள். உயிரை விடுகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கு நண்பர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

[திரையில் பெரிய எழுத்தில்: 14416]

இது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

கடைசியாக ரிசல்ட் நாள். எல்லோரும் மார்க்கை ஸ்டேட்டஸில் போடும்போது ஒருவர் போன் மட்டும் ஸ்விட்ச் ஆஃப். குரூப்பில் "எவ்ளோடா?" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் இரண்டு பேர் நேராக அவர் வீட்டுக்குப் போங்கள். மார்க்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். வீட்டில் திட்டு நடந்துகொண்டிருந்தால் நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதே அதைக் குறைக்கும். சாப்பிடவைத்துவிட்டு, ஏதாவது பாடத்தில் தேறாமல் போயிருந்தால் துணைத்தேர்வு இருப்பதைச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாதத்திலேயே அது நடந்துவிடும், தேறினால் அதே வருஷம் கல்லூரியில் சேர வழி உண்டு. விண்ணப்பிக்க நாட்கள் குறைவாகத்தான் கொடுப்பார்கள். அதனால் மறுநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். அப்புறம், உங்கள் பழைய நோட்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். அவருக்கு அது துணைத்தேர்வு முடியும் வரை வேண்டியிருக்கும்.