கண்ணுக்குத் தெரியாத குறைபாடும் பல்கலைக்கழகத்தின் கடமையும்

துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, அலுவலக நண்பர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

நீல நிறப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளால் வரையப்பட்ட சக்கர நாற்காலிக் குறியீட்டை அறியாதவர் இந்த அவையில் இருக்க முடியாது. 1968ஆம் ஆண்டில் அதை முதலில் வரைந்தவர் சுசான் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்தது வெறும் நாற்காலிதான். அதில் அமர்ந்திருப்பவரின் தலையாகத் தோன்றும் வட்டம் பின்னர் சேர்க்கப்பட்டது. சாய்தளங்களும் மின்தூக்கிகளும் பெருகியதில் அந்தக் குறியீட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதையே பார்த்துப் பழகிய நம் கண், குறைபாடு என்றவுடன் நாற்காலியைத் தேடுகிறது. அது தென்படாவிட்டால் ஐயுறுகிறது. குடல் அழற்சி நோயால் அவதியுறும் ஒரு மாணவர் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று காவலர் மடக்குவது இந்தப் பழக்கத்தின் விளைவே.

வலிப்பு, முதல் வகை நீரிழிவு, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு, ஆட்டிசம், கவனச் சிதறல் குறைபாடு, ஒரு காதில் மட்டும் கேளாமை, நாள்பட்ட வலி, மனச்சோர்வு எனப் பார்த்தவுடன் புலப்படாதவை பல. இவற்றுள் பல நாளுக்கு நாள் ஏறியிறங்கும் இயல்புடையவை என்பதுதான் மற்றவர்களைக் குழப்புகிறது. நாள்பட்ட சோர்வு நோய் உள்ள ஒருவர் திங்கட்கிழமை ஆய்வகத்தில் முழு நேரமும் நின்று வேலை செய்யக்கூடும். அந்த உழைப்பின் பாதிப்பு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே அவரைப் படுக்கையில் தள்ளும். திங்களன்று அவரைக் கண்டவர்கள் புதனன்று அவர் வராததைச் சோம்பல் என்றே எண்ணுகிறார்கள்.

இத்தகைய மாணவரை நோயைக் காட்டிலும் அதிகமாகக் களைப்படையச் செய்வது, அதை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை என்பதே என் கருத்து. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு ஆசிரியரிடமும், துறை அலுவலகத்திலும், விடுதியிலும், தேர்வுப் பிரிவிலும் தம் உடலின் கதையை அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மாறாத குறைபாட்டுக்கு ஆண்டுதோறும் புதிய மருத்துவச் சான்றிதழ் கேட்கும் விதியை யார் எழுதினார்களோ தெரியவில்லை. டிஸ்லெக்சியா கோடை விடுமுறையில் குணமாகிவிடுவதில்லை. ஒரே ஓர் அலுவலகத்தில், ஒரே ஒரு முறை சொன்னால் போதும் என்ற நிலை வர வேண்டும். அந்த அலுவலகம் ஆசிரியர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. 'இவருக்குக் கூடுதல் நேரம் தேவை', 'இவர் இடையில் வெளியே சென்று வரலாம்' என்ற ஏற்பாடு மட்டும் இருந்தால் போதும். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

இதைக் கருணை என்று எவரும் கருத வேண்டாம். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அதன் 24ஆம் பிரிவு உயர்கல்வியையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.

தேர்வுக் கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைபேசிக்கு அங்கே அனுமதி இல்லை. காரணம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் முதல் வகை நீரிழிவு உள்ள பலருக்கு, தோலில் ஒட்டிய உணரி குருதிச் சர்க்கரையின் அளவைக் கைபேசிக்கே அனுப்புகிறது. அந்த அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், சிந்தனை தடுமாறும், உடனே இனிப்பு உட்கொள்ள வேண்டும். கைபேசியைக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்து, எச்சரிக்கை ஒலி மட்டும் கேட்கும்படி செய்தால் இரு தரப்புக் கவலையும் தீர்ந்துவிடும். விதி எழுதியவர்களுக்கு இப்படி ஒருவர் இருப்பார் என்று தோன்றாததே இங்குள்ள சிக்கல்.

கூடுதல் நேரம் மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நேர்மையானது, ஒதுக்கிவிடக் கூடாது. வரலாற்றுத் தாள் ஒருவரின் வரலாற்று அறிவை அளக்க வேண்டுமே தவிர, வினாத்தாளை அவர் எத்தனை விரைவாக வாசிக்கிறார் என்பதை அன்று. வேகமே தேர்வின் பொருளாக இருக்கும் இடங்களும் உண்டு. உயிர் காக்கும் முதலுதவிச் செய்முறையில் நேரத்தை நீட்டிக்க இயலாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான தாள்களோ அத்தகையவை அல்ல; மூன்று மணி நேரம் என்பது நிர்வாக வசதிக்காக வகுத்ததே.

2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில், புலப்படாத குறைபாடு உள்ளவர்கள் விரும்பினால் அணிந்துகொள்ளலாம் என்று சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சைக் கழுத்துப்பட்டை அறிமுகமானது. இன்று அது பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. முன்பின் அறியாதவர்கள் நிறைந்த விமான நிலையத்துக்கு அது பொருத்தமானதே. வளாகத்திலும் விரும்புவோர் அணியட்டும். ஆனால் பட்டை அணியாதவருக்கு உதவியில்லை என்ற நிலை வந்துவிட்டால், மறைத்துவைக்கும் உரிமையை நாமே பறித்தவர்களாவோம்.

எவரும் கேட்காமலே செய்யக்கூடியவையும் நிறைய உள்ளன. வகுப்புக்கு முன்பே குறிப்புகளைத் தந்துவிடலாம். சிவப்பு, பச்சை என்னும் நிற வேறுபாட்டை மட்டும் நம்பி வரைபடம் வரையாமல் இருக்கலாம். "என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும், ஒலிவாங்கி வேண்டாம்" என்று சொல்லும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேட்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியவர் கேட்பவர்தான்.

வலிப்பு வந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதையும், வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும், ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைப்பதையும் ஒவ்வொரு துறை ஊழியரும் அறிந்திருக்க வேண்டும். அந்த ஊழியருக்கே வலிப்பு இருக்கலாம். பணி நிரந்தரம் ஆகும்வரை அதை அவர் வெளியே சொல்லாமல் இருக்கலாம். ஆகவே நான் சொன்ன ஒற்றை அலுவலகம் மாணவர்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்படக் கூடாது.

அடுத்த பருவத் தேர்வுக்கான அறிவிப்பு வெளியாவதற்குள் மூன்று திருத்தங்களையாவது செய்யுமாறு இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன்: கைபேசித் தடையில் மருத்துவக் கருவிகளுக்கு விலக்கு, மாறாத குறைபாடுகளுக்குப் படிப்பு முடியும்வரை செல்லுபடியாகும் ஒரே சான்றிதழ், விண்ணப்பத்தை எந்த அலுவலரிடம் தருவது என்ற தெளிவான ஒரு வரி. நன்றி, வணக்கம்.