கூறைப்புடவை பீரோவுக்குள் போகுமுன்

நேயர்களுக்கு வணக்கம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா நெய்வார், அம்மா ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவார். அந்த வீட்டுப் பெண்ணே தன் கூறைப்புடவையைக் கோட்டைவிட்டாள் என்றால் நம்புவீர்களா? என் கல்யாணப் பந்தியில் யாரோ பாயசத்தைச் சிந்திவிட்டார்கள். ஈரத் துணியால் துடைத்தோம், கறையே தெரியவில்லை. அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறுவீடு போய்விட்டேன். ஐந்தாறு வருஷம் கழித்து, கொழுந்தனார் கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று பிரித்தால், கொசுவம் வரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு!

சர்க்கரைத் தண்ணீர் காயும்போது கண்ணுக்குத் தெரியாது. நாள்பட நாள்படத்தான் நிறம் மாறும். இளநீர், ரோஸ்மில்க் எல்லாமே அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன், கல்யாணப் பட்டின் ஆயுசைத் தீர்மானிப்பது பீரோ இல்லை, கல்யாணம் முடிந்த அந்த முதல் வாரம்.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் பெண் நான்கு மணிக்கே புடவை கட்டியிருப்பாள். ஹோமப் புகை, நெய், மாலையிலிருந்து சொட்டும் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே வியர்வை. வியர்வையில் உப்பு இருக்கிறது. அது பட்டையும் கெடுக்கும், சரிகையில் இருக்கிற வெள்ளியையும் கருக்கும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அவிழ்த்த புடவையைச் சுருட்டி, தாம்பூலப் பை, ஈரத் துண்டு எல்லாவற்றோடும் ஒரே சூட்கேஸில் திணித்து வேனில் ஏற்றிவிடுகிறோம். அன்று இரவே யாராவது ஒருவர், பெண்ணின் சித்தியோ அத்தையோ, அதை எடுத்து நிழலில், காற்றாட உலர்த்தினால் போதும். வெயில் வேண்டாம், பட்டு மஞ்சளித்து இற்றுப்போகும். இரும்புக் கம்பிக் கொடியும் வேண்டாம், துருக்கறை போகவே போகாது.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் முழுப் புடவையையும் விரித்துப் பாருங்கள். மஞ்சள் பட்ட இடத்தில் சோப்புப் போட்டுவிடாதீர்கள். சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவந்துபோகும், வீட்டில் எல்லோரும் அலறுவார்கள். வெளுக்கக் கொடுக்கும்போது எந்த இடத்தில் என்ன கொட்டியது என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டிரைகிளீன் திரவத்தில் நெய்யும் எண்ணெயும் போய்விடும். சர்க்கரையும் வியர்வை உப்பும் தண்ணீரில் கரைகிறவை, அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நான் சொல்லாததால்தானே மாட்டிக்கொண்டேன்!

இனி பீரோ. கடைக்காரர் தந்த பளபளப்பான பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியுங்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்த மல் துணியோ பழைய வெள்ளை வேட்டியோ போதும். செய்தித்தாள் வேண்டாம். பட்டுப் புடவைகளைத் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் புடவை அடுக்கினால் அடியில் இருப்பதன் மடிப்புதான் முதலில் விடும். சரிகை என்பது உலோகம். ஒரே இடத்தில் மடிந்தே கிடந்தால் பக்கத்தில் இருக்கும் பட்டு இழையை அறுத்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று அமாவாசைக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்வோம், மறக்காமல் இருக்கத்தான்.

அந்துருண்டை பற்றிக் கேட்பீர்கள். சரிகைமேல் படும்படி போடவே போடாதீர்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை எல்லாம் இடித்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். நான் அதே பொடியைச் சின்ன முடிச்சாகக் கட்டி, புடவைமேல் வைக்காமல் பீரோத் தட்டின் மூலையில் வைக்கிறேன். வாசம் போனதும் மாற்றிவிட வேண்டும். சென்ட் அடிப்பவர்கள் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள். சரிகைமேல் பட்டால் அந்த இடம் கருத்துவிடும்.

புடவையை உருளையில் விட்டு விறைப்பாக்குகிற ரோல் பாலிஷ் போடலாமா என்றும் கேட்கிறார்கள். விறைப்பாக நிற்பது கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்த விறைப்பு பசையால் வருகிறது. பசை இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். கட்டப்போகிற வாரம் போட்டுக்கொள்ளுங்கள், எடுத்து வைக்கப்போகும்போது வேண்டாம்.

என் புடவை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பழுப்பு முழுதாகப் போகவில்லை. கட்டும்போது அந்த இடம் கொசுவத்தின் உள்மடிப்பில் வரும்படி வைத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது, இன்று வானொலியில் நானே சொல்லிவிட்டேன்.

வணக்கம்.