கன்னியாவுக்கு ஒரு முழுநாள் கொடுங்கள்

நேயர்களே, வணக்கம்.

வெளியூரிலிருந்து திருகோணமலைக்கு வருகிறவர்களின் பயண ஒழுங்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கிறது. காலையில் கோணேசர் கோயில், மத்தியானம் நிலாவெளிக் கடல், இடையில் வான் சாரதி "கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் காட்டிவிடுகிறேன்" என்று கொண்டுபோய் இறக்குவார், அரை மணித்தியாலத்துக்குள் நாலு வாளி ஊற்றி, நாலு படம் எடுத்து, ஈரத் துவாயோடு மறுபடியும் வானுக்குள் ஏறிவிடுவார்கள். உள்ளூரில் இருக்கிற நாங்களும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் ஒரு கிரியை வந்தால் போவோம், சொந்தக்காரர் வந்தால் கூட்டிக்கொண்டு போவோம், அவ்வளவுதான். இன்று எனக்குக் கிடைத்திருக்கிற இந்த நேரத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கன்னியாவுக்கு ஒரு முழுநாள் கொடுங்கள்.

நகரத்திலிருந்து அநுராதபுரம் வீதியால் போனால் எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். ஓட்டோக்காரரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், கொட்டியாரக் குடாப் பக்கம் இருக்கிற கிண்ணியா வேறு ஊர். கடல் காற்று விட்டுப்போய், பற்றைக்காடும் சின்னச் சின்ன மலைக்குன்றுகளும் தொடங்குகிற இடத்தில் கன்னியா இருக்கிறது. நுவரெலியா மாதிரி உயர்ந்த மலைநாட்டை எதிர்பார்த்து வராதீர்கள். பாலையும் வீரையும் நிற்கிற வரண்ட காட்டு மலை இது. வைகாசி, ஆனி மாதங்களில் வந்தால் வழியில் பாலைப்பழம் விற்பார்கள். வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு இலேசில் போகாது, ஆனால் அந்த இனிப்புக்கு அது தாங்கலாம்.

உள்ளே போனால் சதுரமான ஏழு கிணறுகள். கிணறு என்றதும் ஆழமாக நினைக்க வேண்டாம், மூன்று நாலு அடிதான், குனிந்து வாளியால் அள்ளலாம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடி மண் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் விளிம்பில் நின்று பாருங்கள். அடியிலிருந்து சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து மேலே உடையும், பிறகு கொஞ்சம் நிற்கும், பிறகு வேறொரு மூலையில் தொடங்கும். ஏழும் ஏழு சூடு. ஒன்று இளஞ்சூடு, பக்கத்துக் கிணறு 40 பாகை செல்சியசையும் தாண்டிவிடும். வழக்கமாக வருகிறவர்களைக் கவனித்தால் ஒழுங்கு விளங்கும்: முதலில் இளஞ்சூட்டுக் கிணற்றில் காலுக்கு ஊற்றுவார்கள், அப்புறம் தோளுக்கு, பிறகுதான் தலைக்கு, அதன்பிறகே சூடான கிணற்றுக்குப் போவார்கள். முதல் வாளியையே சூடான கிணற்றில் அள்ளித் தலையில் கவிழ்க்கிற பிள்ளைகள் கத்துகிற சத்தம் எந்த நாளும் கேட்கும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? எங்கள் தீவில் எரிமலை இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்குகிறது. பூமிக்குள் இறங்க இறங்க ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25, 30 பாகை சூடு கூடும். அந்த ஆழத்தில் சூடாகிய தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாக அழுத்தத்தோடு மேலே வருகிறது. வருகிற வழியில் நிலத்தின் மேற்பகுதியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் எவ்வளவு கலக்கிறதோ, அதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். மகாஓயா, அம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலஸ்ஸ, எங்கள் மாவட்டத்திலேயே கோமரங்கடவலைக்குக் கிட்ட இருக்கிற ரன்கிஹிரிய என்று இலங்கையின் மற்ற வெந்நீர் ஊற்றுகளையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், பெரும்பாலானவை நடுப்பகுதியின் உயர்நிலப் பாறைத்தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத்தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டியே கிடக்கும். மகாஓயாத் தண்ணீர் கன்னியாவைவிடச் சூடு. ஆனால் ஏழு ஊற்று இப்படிக் கையெட்டுகிற தூரத்தில், ஏழு விதச் சூட்டில் கிடைப்பது கன்னியாவின் தனிச் சிறப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானியப் படை மருத்துவர் ஜோன் டேவி இந்தக் கிணறுகளின் வெப்பத்தை அளந்து எழுதிவைத்திருக்கிறார்.

மூட்டு வலி, வாதம் தீரும் என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். வெந்நீரில் தசை இளகும், உடம்பு இலேசாகும், அது உண்மைதான். அதற்காக டொக்டர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு வராதீர்கள். இருதய வருத்தம் உள்ளவர்களும் வயது போனவர்களும் இளஞ்சூட்டுக் கிணறுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது கதைக்கு வருகிறேன். இராவணனின் தாய் கோணேசரை வழிபட்டவள். தாய்க்காக அந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போக நினைத்து இராவணன் வாளால் வெட்டிய இடம்தான் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையில் இருக்கிற இராவணன் வெட்டு. பிறகு தாய் இறந்த செய்தியை ஒரு முதிய அந்தணர் உருவில் வந்த விஷ்ணு சொல்ல, அவளுக்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி அவன் நிலத்தில் வாளை ஊன்றிய ஏழு இடங்கள்தான் இந்த ஏழு கிணறுகள். சுற்றுலாப் பயணிகள் இந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் சனங்களோ இன்றைக்கும் அதை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தியேட்டி, 31ஆம் நாள், ஆடி அமாவாசை என்று தாய் தகப்பனை இழந்தவர்கள் இங்கே வந்து பிதிர்க்கடன் செய்கிறார்கள். கோணேசர் மலையையும் கன்னியாவையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஒரு மகன் தாய்க்காகச் செய்தது என்ற ஒரே கதை கடலோரத்தில் தொடங்கிக் காட்டுக்குள் வந்து முடிகிறது.

குளிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் சிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிற அதே இடத்தில், பக்கத்துக் கிணற்றடியில், வெள்ளை வேட்டியோடு ஒருவர் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு நிற்கக்கூடும். அவருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள், படம் எடுக்காதீர்கள். சவர்க்காரம், சம்பூ எதையும் கிணற்றடிக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சம்பூப் பைக்கற்றுகள் பற்றைக்குள் கிடக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. இந்த இடம் தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. கிணறுகளுக்குப் பக்கத்தில் பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டுகிற முயற்சி வந்தபோது, 2019 யூலையில் சனங்கள் வீதியில் இறங்கினார்கள், திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. என் கருத்தைத் திறந்து சொல்கிறேன்: தலைமுறை தலைமுறையாக ஒரு சனம் தன் செத்தவர்களுக்குத் தண்ணீர் இறைத்த இடத்தை அந்தச் சனத்திடமிருந்து எடுக்கக் கூடாது. அதே நேரம், பக்கத்து மலையில் முஸ்லிம் மக்கள் போற்றுகிற, சாதாரணக் கபுறைவிடப் பல மடங்கு நீளமான ஒரு சமாதியும் இருக்கிறது. இந்தச் சுற்றாடல் ஒரு காலத்திலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை.

இதை நான் வாயால் மட்டும் சொல்லவில்லை, கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். கன்னியாவிலிருந்து தூரமில்லாமல், பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. ஊர்த் தமிழர் நாதனார் கோவில் என்று சொல்லிவந்த இடம். சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. சைவ அரசனான முதலாம் இராஜராஜனின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி அது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் 11ஆம் நூற்றாண்டுக்குரியவை. நந்தா விளக்கு எரிக்கவும் பசுக்களைத் தானம் கொடுக்கவும் தமிழ் பேசுகிறவர்கள் புத்தரின் பள்ளிக்கு எழுதிவைத்தவை. பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று இன்றைக்கு நாங்கள் கோடு போட்டு வைத்திருக்கிறோமே, அந்தக் கோடு அந்தக் கல்லில் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் படிக்கிற வரலாற்றை விட, செங்கல் அத்திவாரத்துக்கு நடுவில் நிற்கிற அந்தப் புத்தர் சிலைக்கும் பக்கத்திலிருக்கிற தமிழ் எழுத்துக்கும் முன்னால் பத்து நிமிடம் நிற்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நகரத்துக்கு வந்துவிடலாம். தம்பலகாமத்து எருமைத் தயிர் கிடைத்தால் விடாதீர்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற கோட்டைக்குள் போங்கள். வாசலில் நின்று மேலே பாருங்கள், பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா கோணேசர் கோயிலை இடித்தபோது அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போயின. பிறகு ஒல்லாந்தர், 1795இல் பிரித்தானியர், 1803இல் யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயர் கோட்டைக்கு. இவ்வளவும் நடந்த இடத்தில் இப்போது புள்ளிமான்கள் புல் மேய்கின்றன. பழம், பொலித்தீன் எதையும் அவற்றுக்கு நீட்டாதீர்கள்.

மேலே கோயில். ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பதிகம் பாடிய தலம். இடித்தபோது மறைத்துவைத்த விக்கிரகங்களில் சில 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிவாரக் கடலுக்குள் மூழ்கிப் பார்த்து, பழைய கோயிலின் தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டார்கள். அந்தத் தகவலோடு இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே கடலைப் பாருங்கள், அந்த உயரம் வேறு மாதிரித் தெரியும். அந்திப் பூசை வரைக்கும் இருந்துவிட்டுப் போனால் நல்லது.

எப்போது வரலாம் என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சிக்கல். சித்திரையிலிருந்து ஆவணி வரை கடல் அமைதி, நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு ஓடும், ஆனால் கச்சான் காற்று அடிக்கிற அந்த வெக்கையில் வெந்நீர்க் குளிப்பு பத்து மணிக்குப் பிறகு தாங்காது. மாரி முடிகிற தை மாதத்தில் கன்னியா அருமை, விடிய ஆறரைக்கு அந்தக் குளிருக்குள் வாளித் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பும், ஆனால் கடல் குழம்பியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் தை மாதத்தைத்தான் சொல்வேன், புறாமலையை இன்னொரு முறைக்கு வையுங்கள். கோடையில்தான் வர முடியும் என்றால் வாசல் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள், ஒன்பது மணிக்குள் குளித்து முடித்துவிட்டு நேரே வெல்கம் விகாரை மரநிழலுக்குப் போகலாம்.

போயா நாட்களிலும் பள்ளிக்கூட விடுமுறையிலும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும், கிணற்றடியில் கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில் வாருங்கள். உடுப்பு மாற்ற ஒரு சாரமோ துவாயோ கொண்டுவாருங்கள், குரங்குகள் இருக்கிற இடமாகையால் சாப்பாட்டுப் பையை மதிலில் வைக்காதீர்கள். ஆடி அமாவாசையன்று குளிப்புக்காக மட்டும் யாரும் வர வேண்டாம், அந்த ஒரு நாளைக் கிரியை செய்ய வருகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.