பட்டம் வாங்கிப் போனவரின் கைபேசியில் கடவு எண்

வணக்கம் நேயர்களே.

இதழியல் மாணவர்கள் நடத்தும் பத்திரிகையோ வானொலியோ இணையதளமோ எதுவானாலும், அதைச் சாய்ப்பது பெரும்பாலும் பணத்தட்டுப்பாடு அல்ல. ஆண்டுதோறும் ஆசிரியர் குழு மொத்தமாகப் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான்.

அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1908-இல் தொடங்கியபோதே மாணவர்கள் தயாரிக்கும் நாளிதழும் கூடவே தொடங்கியது. செய்தி திரட்டுவது மாணவர்கள், ஆனால் திருத்தும் மேசையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அனுபவசாலிகள். மாணவர் மாறினாலும் மேசை மாறாது. அந்த வசதி இல்லாத இடத்தில், மேசையின் நினைவாற்றலை எழுதித்தான் வைக்க வேண்டும்.

முதலில் கணக்குகள். இணைய முகவரியைப் பதிவு செய்தது யார் மின்னஞ்சலில்? பல இடங்களில் போன ஆண்டு ஆசிரியரின் சொந்த அஞ்சலில். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குப் போகும், அவர் புது வேலையில் மூழ்கியிருப்பார், ஒரு நாள் காலையில் தளம் காணாமல் போயிருக்கும். சமூக ஊடகக் கணக்கின் கடவு எண்ணும் அவர் கைபேசிக்கே போய்ச் சேரும். ஆகவே எல்லாமே துறையின் பொது அஞ்சலில் இருக்கட்டும். நிர்வாகிகள் எப்போதும் இருவர், அதில் ஒருவர் துறை ஊழியர். கைபேசி இல்லாமலே கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டி, அலுவலகத்தில் வையுங்கள்.

அடுத்தது கைமாற்றம். பழைய குழுவின் கடைசி இரண்டு இதழ்களைப் புதுக்குழுவே போட வேண்டும். பழையவர்கள் பக்கத்தில் உட்காரலாம், விசைப்பலகையைத் தொடக்கூடாது. இதில் நான் கறார்!

அச்சு இதழில் பக்கங்கள் நான்கின் மடங்கு, நினைத்தபடி ஒரு பக்கத்தைக் குறைக்க முடியாது. அச்சுக்குப் போகும் இரவில் ஒரு விளம்பரம் விலகினால் அரைப்பக்கம் பல்லிளிக்கும். நாள் கடந்தாலும் பழசாகாத இருப்புச் செய்தி இரண்டு, திருத்தி முடித்துக் கையில் இருக்கட்டும். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதித்துவிடுங்கள். பதிக்காமல் அனுப்பினால் அச்சகக் கணினி வேறு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவே ககரம் தனியாக நிற்கும். அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியான மெய்ப்பை, செய்தியை எழுதியவரே பார்க்கக்கூடாது. தலைப்பு, படக்குறிப்பு, ஆட்களின் பெயர், தலைப்பெழுத்து ஆகியவற்றை மூன்றாம் ஆள் ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும். செய்திக்குள் இருக்கும் பிழையைவிடப் படத்துக்குக் கீழே வரும் பெயர்ப்பிழைதான் அதிகம் தப்பிவிடுகிறது, எல்லாரும் அதைக் கடைசியில் அவசரமாக எழுதுவதால்.

வானொலிக்கு எழுதுவோர், நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடச் செய்திக்கு 450 சொல் போதும், முகப்பிசைக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டுமே. பதிவுக் கருவியின் அளவுகோலில் பூஜ்யம்தான் மேல் வரம்பு; ஒலியின் உச்சம் அதற்குக் கீழே மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி இருந்தால் நல்லது. குறைவாகப் பதிந்ததை ஓரளவு தூக்கிவிடலாம், வரம்பு தாண்டிக் கிழிந்த குரலை ஒன்றும் செய்ய முடியாது.

இதழுக்கு ஆலோசகராக இருக்கும் பேராசிரியரின் எல்லையையும் முன்பே எழுதி வையுங்கள். வெளிவந்த பின் விமர்சிப்பது அவர் வேலை. சட்டச் சிக்கல் வரும் போலிருந்தால் மாணவர்களே முன்கூட்டிக் கேட்கலாம். சொந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டண உயர்வைப் பற்றிச் செய்தி வரும் வாரத்தில் உட்கார்ந்து இந்த எல்லையைப் பேச ஆரம்பித்தால், முடிவு யார் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று பலரும் யோசிப்பதில்லை. ஐந்தாறு ஆண்டு கழித்து, 'அந்தச் செய்தியில் என் பெயர் இருக்கிறது, வேலை தேட முடியவில்லை, நீக்கிவிடுங்கள்' என்று ஒருவர் எழுதுவார். அப்போது எழுதிய நிருபரும் இருக்கமாட்டார், திருத்தியவரும் இருக்கமாட்டார். தவறான தகவல் என்றால் திருத்தி, திருத்திய தேதியை மேலே போடலாம். வழக்கு பின்னர் தள்ளுபடியானால் அதைச் சேர்த்து எழுதலாம். சரியான செய்தியை முழுதாக அழிப்பதை ஆசிரியர் தனியாக முடிவு செய்யாமல், மூவர் சேர்ந்து காரணத்தைப் பதிவேட்டில் எழுதிய பிறகே செய்ய வேண்டும். அந்தப் பதிவேடும் துறை அலுவலகத்திலேயே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.