கோட்டைக்குக் காலையில் போங்கள்

(ஊர் வாசிகசாலையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

இங்கே இருக்கிற எல்லோரும் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் போய், மதிலில் ஏறி, பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்து, நாலு படம் எடுத்து, கச்சான் கொறித்தபடி திரும்பியிருப்பீர்கள். நானும் அப்படிப் போகிறவன்தான். அந்தக் காற்றுக்காகவே போகலாம். ஆனால் ஒருமுறை காலையில் போய்ப் பாருங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்தேன். வெயில் ஏற முன்னர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்க்கிற எண்ணத்தோடு போங்கள்.

"எங்களை அடக்கி ஆண்டவன் கட்டியதை ஏன் ஐயா போய்ப் பார்க்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காணிப் பிரச்சினை என்று வந்தால் நாங்கள் முதலில் என்ன செய்வோம்? பெட்டியைத் திறந்து பழைய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசிப்போம். அதில் எங்களுக்குப் பிடிக்காத சங்கதி எழுதியிருந்தாலும் வாசிப்போம். இந்தக் கோட்டையும் எங்கள் ஊரின் பழைய உறுதிதான்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் கொன்றார்கள். படை நடத்தி வந்த பிலிப் தெ ஒலிவேரா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அதுவரை அரசிருக்கை நல்லூரில் இருந்தது. போர்த்துக்கேயர் அதை விட்டுக் கடற்கரைக்கு வந்து, அங்கே கோட்டையை எழுப்பினார்கள். கப்பலும் பீரங்கியும்தானே அவர்களுடைய பலம்? கடலை விட்டுத் தள்ளி இருக்க அவர்களால் முடியாது. நாங்கள் இன்றைக்கு 'டவுன்' என்று சொல்கிற இடம் டவுன் ஆனது அப்படித்தான். பஸ் நிலையமும் பெரிய கடைத்தெருவும் நல்லூரில் இல்லாமல் இங்கே இருப்பதற்கான காரணத்தைத் தேடிப் போனால், அது அந்த மதிலடியில் கொண்டுபோய் விடும்.

போர்த்துக்கேயரின் கோட்டை நாற்சதுரமானது. 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிறகு பழையதை மாற்றி ஐந்து மூலைக் கோட்டையாகக் கட்டினார்கள். வாசலின் மேலே 1680 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. போகும்போது ஒரு நிமிடம் நின்று நிமிர்ந்து பாருங்கள்.

உள்ளே போனதும் மதில் ஏறுங்கள். மூலைகளில் வெளியே துருத்தி நிற்கிறவைதான் கொத்தளங்கள். ஒரு கொத்தளம் மதிலோடு சேர்கிற பக்கத்தில் ஒரு பிள்ளையையும், அதற்கு எதிரே அடுத்த கொத்தளத்தின் பக்கத்தில் இன்னொரு பிள்ளையையும் நிறுத்துங்கள். இடையில் உள்ள மதிலின் அடியை இரண்டு பேரும் முழுதாகப் பார்ப்பார்கள். எதிரி எங்கே வந்து ஒட்டினாலும் ஒரு பீரங்கியின் கண்ணுக்காவது அகப்படுவான். ஒளிக்க இடமே இல்லை. அந்தக் காலத்துப் போர்க் கணக்கு முழுவதும் இந்த ஐந்து மூலைக்குள் அடங்கியிருக்கிறது. எங்கள் மதில் ஏன் சினிமாவில் வருகிற கோட்டைகள் மாதிரி உயரமாக இல்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உயரமான மதில் பீரங்கிக் குண்டுக்கு நல்ல இலக்கு. அதனால் உயரம் குறைத்துத் தடிப்பாகக் கட்டி, பின்னால் மண்ணை நிரப்பி, முன்னால் அகழி வெட்டினார்கள். கொத்தளங்களுக்கு ஒல்லாந்து, சீலாந்து என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள்.

வெளி அரண் வேலைகள் 1792இல்தான் முடிந்தன. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கோட்டை சண்டை இல்லாமலே கைமாறியது. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டுக்குள் புகுந்துவிட்டது, அந்த நாட்டின் தலைவர் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடிவிட்டார், இங்கே இருந்தவர்கள் யாருக்காகச் சண்டை பிடிப்பது? நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் ஆட்களின் உழைப்பில் வளர்ந்த அரண் மூன்றே வருடத்தில் அடுத்தவனுக்குப் போனது. இதைப் படிக்கிறபோதெல்லாம் கல் சுமந்தவர்களைத்தான் நான் நினைக்கிறேன். அவர்களுடைய பெயர் எந்த வாசலிலும் இல்லை.

சரி, கல்லுக்கு வருவோம். மதிலில் கையை வைத்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். சில கல்லில் பூ விரிந்தது போலக் கோடுகள் இருக்கும். அது முருகைக்கல், பவளப்பாறைக் கல். கடலுக்குள் உயிரோடு வளர்ந்தது. எங்கள் குடாநாட்டில் மலை இல்லை, கருங்கல் இல்லை. எங்கோ தூர நாட்டில் வரைந்த வரைபடத்தை எங்கள் கடலின் கல்லை வைத்து, எங்கள் சுண்ணாம்பைக் குழைத்து, எங்கள் சனம்தான் கட்டியது. கோட்டை யாருடையது என்று யாரும் கேட்டால் நான் அந்தக் கல்லைத் தொட்டுக் காட்டுவேன்.

இடித்த கோயில்களின் கற்களும் கோட்டைக்குப் போயின என்று எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கோட்டையில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் வெளியிட்டார். கோட்டையை விட அந்த எழுத்துக்கு ஐந்நூறு வயதுக்கு மேல் கூட. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றவர்கள் பங்குகொண்ட அகழ்வாய்வுகளில் உரோமர் காலத்து வணிகத்தோடு தொடர்புள்ள ரௌலட் மட்பாண்ட ஓடுகளும் சீனப் பாண்ட ஓடுகளும் கிடைத்தன. அப்படியென்றால் போர்த்துக்கேயன் வெறும் மணலில் வந்து இறங்கவில்லை. கப்பல்கள் வந்துபோன பழைய துறை ஒன்றின் மேலேயே கோட்டையைத் தூக்கி வைத்தான்.

நீங்கள் இப்போது இருக்கிற கதிரையும் அந்த வாசலால் வந்ததுதான். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோர், கக்கூஸ், போஞ்சி ஒல்லாந்தர் விட்டுப்போனவை. எங்கள் அம்மம்மா காலையில் "பாண்காரன் போட்டானோ?" என்று கேட்டபோது பறங்கி பாஷை பேசினதாக நினைத்தே இருக்க மாட்டா.

சொல் மட்டும் அல்ல, சட்டமும் இருக்கிறது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, எங்கள் ஊர்களில் கலியாணச் சீதனம், முதுசம், ஒற்றி, காணி விற்பனை எல்லாம் எந்த வழக்கப்படி நடக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள் வாசித்துச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு 1707இல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் தேசவழமை. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் காணி விற்கிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் வழக்கத்தை எங்களிடமே கேட்டு எழுதி வைத்தவன்தான் எங்களிடம் கட்டாய ஊழியமும் வாங்கினான். இரண்டும் ஒரே ஆட்சியின் வேலை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொல்லக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

தேசவழமைக்கு ஒரு வருடம் முந்தி, 1706இல், கோட்டைக்குள் சிலுவை வடிவத்தில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் கற்குவியல்தான் கிடக்கிறது. உள்நாட்டுப் போரில், 1990 யூன் முதல் செப்டெம்பர் வரை கோட்டை முற்றுகையில் இருந்தது. அந்த நாட்களில் நான் சின்னப் பெடியன். "கோட்டைப் பக்கம் போகாதை" என்பதுதான் அம்மா அடிக்கடி சொன்ன வார்த்தை. ஷெல் சத்தம் எந்தத் திசையில் என்று கேட்டால் கோட்டைப் பக்கம் என்பார்கள். எனக்குக் கோட்டை என்றால் பல காலம் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போர் முடிந்து, திருத்த வேலைகள் தொடங்கிய பின்னர்தான் முதல் தடவை உள்ளே போனேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்தத் தேவாலயக் குவியலில் ஒரு துண்டைத் தூக்கி, "அப்பா, கல்லுக்குள்ளே பூ இருக்கு" என்றாள். முருகைக்கல். நான் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அப்புறம் அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். நீங்கள் போகும்போதும் தயவுசெய்து ஒரு துண்டையும் எடுத்து வராதீர்கள், மதிலில் பெயர் கீறாதீர்கள். போன கிழமைகூட ஒரு கொத்தளத்தில் புதிதாகக் கீறிய இரண்டு பெயர்களைப் பார்த்து மனம் நொந்துபோனேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கிற நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள். உள்ளே நிழல் குறைவு. முதலில் அகழிப் பக்கத்து மதிலில் இருந்து தொடங்குவோம். அங்கேதான் கல்லில் பூ நன்றாகத் தெரிகிறது.