பகா எண் சுடோகு: ஒன்பது வரிசையும் அமையுமா?

9×9 கட்டத்தில் ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும், நெடுவரிசையிலும், 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே முறை வர வேண்டும், அதுதான் சுடோகு. ஒருவர் கேட்டிருக்கிறார்: “சுடோகுவின் குறுக்கு வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டினால் பகா எண்ணே வர வேண்டும். ஒன்பது வரிசையும் இப்படி அமையுமா? புரோகிராம் எழுதி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், விடை வரவில்லை.” இரண்டு நாளாக எனக்கும் இதே நினைப்புதான்.

ஒரு வரிசை மட்டும் என்றால் சுலபம். 1 2 3 4 7 6 5 8 9. கூட்டிப் பாருங்கள்: 3, 5, 7, 11, 13, 11, 13, 17. எல்லாமே பகா எண்.

ஒன்பதும் வேண்டுமா? வழக்கமாக நான் சொல்வதுதான், பழைய ஆட்களுக்குச் சலித்தே போயிருக்கும்: முதலில் ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். வெவ்வேறு இரண்டு எண்களைக் கூட்டினால் குறைந்தது 3. அதிலிருந்து மேலே பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை. ஆக, ஒற்றையும் இரட்டையும் மாறி மாறித்தான் உட்காரும். ஒற்றை ஐந்து, இரட்டை நான்கு என்பதால் வரிசை ஒற்றையில்தான் தொடங்கியாக வேண்டும். இடது ஓர நெடுவரிசையில் ஒன்பது ஒற்றை எண்களுக்கு எங்கே போவது? இருப்பதே ஐந்து. ஒரு கட்டம் தள்ளிப் பாருங்கள், நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது நெடுவரிசையில் இரட்டை வர வேண்டும், அது நான்குதான் உண்டு. நான்கு வரிசைக்கு மேல் வாய்ப்பே இல்லை.

நிரப்பி முடித்த சுடோகுக்கள் மொத்தம் எத்தனை என்று 2005-ல் ஃபெல்கன்ஹவர், ஜார்விஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 22 இலக்க எண். ஒவ்வொன்றாகத் தேடினால் ராத்திரி என்ன, ஆயுசே போதாது.

சரி, இதைக் கேட்க மாட்டாரா என்று நான் ஏங்கிய கேள்வி வேறு. ஒரு வரிசையை அப்படியே ஒன்பது இலக்க எண்ணாகப் படித்தால் பகா எண் வருமா? ஒருபோதும் வராது. எப்படி மாற்றிப் போட்டாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. அது 9-ஆல் வகுபடுகிறது, ஆக அந்த எண்ணும் 9-ஆல் வகுபடும். கடைசியில் 7 வைத்தால் தப்பிக்கும் என்று நண்பர் ஒருவர் அடம்பிடித்தார். வகுத்துக் காட்டிய பிறகுதான் டீ குடிக்கவே வந்தார்.

ஒரு இலக்கத்தை நீக்கினால்? 3, 6, 9-ல் எதை நீக்கினாலும் மிச்சத்தை 3 விடாது. மற்ற ஆறில் ஒன்றை நீக்கிவிட்டு, கடைசி இடத்தில் 1, 3, 7, 9-ல் ஒன்றை வையுங்கள். அப்புறம்தான் வேட்டை ஆரம்பம்.