பெட்டிக்கு இரண்டு பெயர், மருந்துக்கு ஒன்று

(மட்டக்களப்பில், ஓய்வு பெறும் மருந்தியல் பேராசிரியர் ஒருவருக்கு நடந்த பாராட்டு விழாவில் அவருடைய மாணவர் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, எங்கள் ஆசிரியப் பெருந்தகையே, எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு ஓர் அம்மாவை மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம், பேச்சில் குழறல். இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிட்டதன் அறிகுறி என்று சீனியைக் கரைத்துக் கொடுத்தோம். சற்றுத் தெளிந்ததும் அவருடைய பையை மேசையில் கொட்டினேன். இரண்டு பெட்டிகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இரண்டு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு பெயர்கள். ஓரத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில், இரண்டிலும் ஒரே சொல்: கிளிபென்கிளமைட். சீனி வருத்தத்துக்கான அதே குளிசையை அந்த அம்மா மூன்று கிழமையாக இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு எங்கள் ஐயாவின் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. பரீட்சைத் தாளில் கொம்பனி வைத்த பெயரை எழுதினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அவர் புள்ளி போடமாட்டார். 'மருந்துக்கு ஒரு பெயர்தான். அதை எழுது' என்பார். அப்போது கோபப்பட்டிருக்கிறேன். அந்த இரண்டு பெட்டிகளைக் கண்ட பிறகு கோபப்படவில்லை.

ஐயா இந்தப் பிடிவாதத்தை எங்கிருந்து பெற்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டின் முதல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயிடமிருந்துதான். மருந்தைக் கொம்பனிப் பெயரால் அல்ல, அதன் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று வாதிட்டவர் அவர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971 இல் அவர் எழுதிய அறிக்கை, தனியார் இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்று காட்டியது. பட்டியல் 600 அளவுக்குச் சுருங்கியது. அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது, பிபிலே அதன் முதல் தலைவரானார். நாட்டுக்கு வேண்டியதையெல்லாம் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கியதால் விலை இறங்கியது. நினைத்துப் பாருங்கள்: ஆய்வுகூடத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரை உலகம் கொண்டாடும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வேண்டாம் என்று நீக்கியவருக்கு யார் மாலை போடுவார்? அதற்கும் ஆராய்ச்சி வேண்டும். அதைவிட நெஞ்சுரம் வேண்டும். இலாபம் குறைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு கடல் தாண்டி வந்தது.

1977 செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் பிபிலே காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இங்கே, பிபிலே காட்டிய வழியில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

எங்கள் ஐயா கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்திருக்கலாம். போர்க்காலத்திலும் இங்கேதான் இருந்தார். மருந்து வராத நாட்களில், இருப்பதை வைத்து எதை எதற்கு மாற்றாகக் கொடுக்கலாம் என்று தன் கையால் எழுதிய தாளை வார்டு வார்டாகக் கொண்டுபோய் ஒட்டினார். அதில் ஒரு தாள், மஞ்சளித்துப்போய், இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே பெயர், தெளிவான எழுத்து.

நான் சொன்ன அந்த அம்மா இப்போது இல்லை. அவருடைய மகள் முன்வரிசையில் இருக்கிறார். ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்த அவரை மேடைக்கு அழைக்கிறேன்.